தைராய்டு அதிகமானால் தொடையில் வலு குறையுமா?

"தைராய்டு அதிகம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. படி ஏறினால் கால் துவண்டு போகிறது. சம்பந்தம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. இந்த ஹார்மோன் மிகுந்தால் உடல் தன் தசைப் புரதத்தையே கரைத்துச் செலவழிக்கும். முதலில் அடிவாங்குவது தொடையும் தோளும்தான். தரையில் உட்கார்ந்தவருக்குக் கையை ஊன்றாமல் எழ வராது. பரணில் இருக்கும் டப்பாவை எட்டி எடுக்க முடியாது. விரல்களில் வலு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், தசைப் பாதிப்புக்குப் பார்க்கும் சிபிகே ரத்தப் பரிசோதனை இதில் பெரும்பாலும் நார்மலாகவே வரும். (தைராய்டு குறைவில்தான் அது ஏறும்.) அதை நம்பி 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடாதீர்கள். கார்பிமசோல் போன்ற மாத்திரையால் ஹார்மோன் கட்டுக்குள் வந்தால் தசையும் தேறும். ஆனால் சில மாதம் பிடிக்கும்.

அப்புறம், அவசரமான ஒன்று. தைராய்டு அதிகமாக உள்ள சிலருக்குத் திடீரென்று கால் செயலிழந்து போகும்; ஆசிய ஆண்களிடம் இது கூடுதல். இரவு வயிறு முட்டச் சோறோ இனிப்போ சாப்பிட்டுப் படுத்தவர், விடியற்காலையில் கால்களை அசைக்க முடியாமல் கிடப்பார். ரத்தத்திலுள்ள பொட்டாசியம் செல்லுக்குள் போய்விடுவதால் வருவது. இதயத் துடிப்பையும் குலைக்கும் என்பதால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தைராய்டு இருப்பதையும் அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.