மார்கழியில் குருத்து அடைத்த வாழை: வைரஸா, குளிரா?

கேள்வி: தாளவாடிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் ஆனி மாதம் நேந்திரன் வைத்தேன். மார்கழி பிறந்ததிலிருந்து குருத்து எழும்பவில்லை. இலைகள் உச்சியில் நெருங்கிக் கிடக்கின்றன. கன்று கொடுத்த வியாபாரி வைரஸ் என்கிறார், டானிக் ஒன்றும் தருகிறார். அடிக்கலாமா?

பதில்: பாட்டிலைத் திறக்காதீர்கள். வாழை வைரஸுக்கு மருந்தே கிடையாது. வைரஸ் என்று சொல்லிக்கொண்டே மருந்தும் விற்கிறவர் இரண்டில் ஒன்றைப் பொய்யாகத்தான் சொல்கிறார்.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறிவிட்டால், கீழே சமவெளியில் இருக்கிற சத்தியமங்கலத்துக் கணக்கு உங்களுக்குச் செல்லாது, மேலே குளிர் அதிகம். 16 டிகிரிக்குக் கீழே போனால் வாழை மந்தமாகிவிடும். இலைக்காம்பு குறுகி, தண்டின் கழுத்து அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தள்ளுகிற தாரும் சிக்கிக்கொள்ளும். பெரும்பாலும் உங்களுக்கு நடந்திருப்பது இதுதான்.

ஆனாலும் வைரஸால் வருகிற முடிக்கொத்து நோயும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். எனவே காலை வெயிலில் ஓர் இளம் இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுநரம்பை ஒட்டியும் காம்பிலும் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக, பேனாவால் விட்டு விட்டு இழுத்தது போல இருக்கிறதா? இலை குறுகி, விறைத்து, ஓரம் மஞ்சளா? இருந்தால் நோய்தான். முதலில் அந்த வைரஸைப் பரப்புகிற அசுவினிப் பூச்சிக்கு மருந்தடியுங்கள், பிறகு கிழங்கோடு தோண்டி அழியுங்கள். வெறுமனே வெட்டிப் போட்டால் அசுவினி அடுத்த மரத்துக்குப் போய்விடும். அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு கன்றுகூட எடுக்கக் கூடாது. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வார்கள். முடிவு வந்து சேர்வதற்குள் அசுவினி பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கும்.

கோடு இல்லையென்றால் பொறுத்திருங்கள். இப்போது யூரியா போடாதீர்கள், குளிர்ந்த மண்ணில் வேர் அதை எடுக்காது. தண்ணீரையும் குறையுங்கள்.

தை முகூர்த்தத்துக்கு இலை கேட்டு வருவார்கள், நல்ல விலையும் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். வெயில் காலத்தில் வாரம், பத்து நாளில் வருகிற இலை இப்போது அதைப் போல இரண்டு மடங்கு நாள் எடுக்கும். தார் தள்ளும்போது எட்டு நல்ல இலையாவது இல்லாவிட்டால் காய் திரளாது.

அடுத்த முறை புரட்டாசியில் வையுங்கள். வளரும்போது குளிரில் கொஞ்சம் சுணங்கும், ஆனால் தார் வெயிலில் தள்ளும். சித்திரைக் காற்றுக்கு முட்டுக் கொடுக்க மூங்கிலை இப்போதே சொல்லி வையுங்கள்.