தாளிக்கறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி எடுத்து வைங்க

போன இதழ்ல நாய்க்கு வீட்டுச் சாப்பாடு பத்தி எழுதினதும் "எங்க வீட்டு குருவிங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு"ன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. அதனால இந்த வாட்டி முழுக்க பறவைங்க கேள்வி தான். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, வருஷக்கணக்கா பட்ஜிங்கற குட்டிக் கிளிங்களை வளர்த்து நாலு தப்பு பண்ணி கத்துக்கிட்ட ஆளு.

கேள்வி: வீட்ல ரெண்டு லவ் பேர்ட்ஸ் இருக்கு, வாங்கி ஒன்றரை வருஷம். கடைக்காரர் தினை மட்டும் போட்டா போதும்னார், அதையே தான் போடறோம். இப்ப ஒண்ணு சும்மா சும்மா தும்முது. டாக்டர் பாத்துட்டு விட்டமின் ஏ கம்மி, சாப்பாட்டை மாத்துங்கன்னுட்டார். கேரட் வெச்சா ரெண்டும் பயந்து மூலைக்கு ஓடுதுங்க. என்ன செஞ்சு குடுக்கறது? – வாசகி, திண்டுக்கல்

உங்க கிட்ட இருக்கறது அநேகமா பட்ஜியா தான் இருக்கும். நம்ம ஊர் கடைகள்ல லவ் பேர்ட்ஸ்னு விக்கறது பெரும்பாலும் பட்ஜி தான், அதோட பூர்வீகம் ஆஸ்திரேலியா. நிஜ லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கா பக்கம். காட்டு பட்ஜியும் புல்லு விதை தானே திங்குதுன்னு கடைக்காரர் சொல்லுவார், வாஸ்தவம், ஆனா அது ஒரு நாளைக்கு எத்தனையோ கிலோமீட்டர் பறந்து, பச்சையா இருக்கற விதை முத்தின விதைன்னு கலந்து பொறுக்கி திங்கிற பறவை, நம்ம வீட்ல இருக்கறது ரெண்டடி கூண்டுல உக்காந்துக்கிட்டு வருஷம் பூரா ஒரே காஞ்ச தினையை கொறிக்குது. தினைல விட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்ல, கால்சியமும் போதாது. கிண்ணம் நிறைய இருந்தும் பட்டினி கிடக்குற மாதிரி தான். மூக்கடைப்பு, தும்மல், வாய்க்குள்ள வெள்ளை வெள்ளையா படியறது எல்லாம் அதனால வர்றது தான்.

இதுக்குன்னு தனியா எதுவும் வாங்க வேணாம், உங்க சமையல்ல உப்பும் எண்ணெயும் விழறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி எடுத்து வெச்சாலே முக்கால் வேலை முடிஞ்சது. நான் ஞாயித்துக்கிழமை காலைல செய்றதை சொல்றேன். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி உருவி நல்லா அலசி பொடியா நறுக்கிக்குவேன், அதுல ஒரு கேரட் துருவல், வேகவெச்ச சக்கரவள்ளிக்கிழங்கு இல்லன்னா மஞ்சள் பூசணி ஒரு துண்டு மசிச்சது, கொத்தமல்லித் தழை, முளைகட்டின பச்சைப்பயறும் கம்பும், உப்பு போடாம வடிச்ச சாமைச்சோறு ரெண்டு கரண்டி. எல்லாத்தையும் பிசிறி ஐஸ் ட்ரேல அழுத்தி ஃப்ரீசர்ல வெச்சிட்டா ஒரு வாரத்துக்கு கவலை இல்ல. தினம் ஒரு கட்டி எடுத்து முழுசா குளிர் விட்டப்புறம் வெக்கணும். ஒரு பட்ஜிக்கு ஒரு டீஸ்பூன் போதும், அதோட மொத்த எடையே 30–40 கிராம் தான். நம்ம வெயிலுக்கு ரெண்டு மணி நேரத்துல மிச்சத்தை எடுத்து கொட்டிடுங்க, சாயங்காலம் வரைக்கும் விட்டா புளிச்சிடும். பாலக்கீரை மட்டும் எப்பவாவது குடுங்க, அதுல இருக்கற ஆக்ஸலேட் கால்சியத்தை பிடிச்சு வெச்சுக்கும்.

முளைகட்டறதுல தான் நான் முதல்ல மாட்டுனேன். துணில கட்டி தொங்கவிட்டுட்டு மறந்துட்டேன், மறுநாள் லேசா வாடை வந்துச்சு, கழுவிட்டா போச்சுன்னு போட்டேன், ரெண்டு நாள் பேதி. இப்ப எட்டு மணி நேரம் ஊறவெச்சு, அப்புறம் ஒரு நாளைக்கு மூணு வாட்டி அலசி, வால் நுனி எட்டிப் பாக்கற அன்னிக்கே எடுத்துடறேன். கொழகொழன்னு இருந்தாலோ வாடை வந்தாலோ யோசிக்காம குப்பைல போடுங்க. ராஜ்மா மாதிரி பெரிய பயறை முளைகட்டியும் பச்சையா குடுக்கக்கூடாது, விஷம்.

சரி, ஓடுதுங்களே, அதுக்கு வருவோம். தெரியாத சாப்பாட்டைப் பாத்து பயப்படறது அதுங்க சுபாவம். துருவலை கிண்ணத்துல வெக்காம, ஒரு கொத்து கொத்தமல்லியை தண்ணில நனைச்சு துணி கிளிப்பால கூண்டு கம்பில மாட்டுங்க. முதல் நாள் முறைக்கும். ரெண்டாவது மூணாவது நாள் ஈர இலைல உரசி குளிக்க ஆரம்பிக்கும், குளிக்கும்போதே ஒரு இலையை கடிச்சு பாக்கும், அவ்ளோ தான், ருசி தெரிஞ்சுடுச்சு. அப்புறம் காலைல எந்திரிச்சதும் பசியோட இருக்கற ரெண்டு மணி நேரம் தினையை எடுத்துட்டு கீரைக் கலவை மேல கொஞ்சம் தினை தூவி வைங்க, பொறுக்கும்போது மத்ததும் வாய்க்குள்ள போகும். அதுக்கப்புறம் தினையை கண்டிப்பா திருப்பி வெச்சிடணும். பட்டினி போட்டு வழிக்கு கொண்டு வர்றேன்னு நாள் முழுக்க எடுத்துடாதீங்க, இவ்ளோ சின்ன உடம்பு ஒரு நாள் ரெண்டு நாள் பட்டினி கூட தாங்காது. சமையலறை தராசுல வாரம் ரெண்டு வாட்டி நிறுத்துப் பாருங்க, 35 கிராம் இருந்தது 32க்கு இறங்குச்சுன்னா இந்த பழக்கற வேலையை விட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க. எனக்கு ஒரு பெட்டை மனசு மாற ரெண்டரை மாசம் ஆச்சு, கூட இருந்த ஆண் நாலு நாள்ல மாறிடுச்சு. கீரை திங்க ஆரம்பிச்சா எச்சம் கொஞ்சம் தண்ணியா போகும், அதுக்கு பயப்பட வேணாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணும்போது அவங்க பச்சைக்கிளியை எங்ககிட்ட குடுத்துட்டு போய்ட்டாங்க. பால் சாதமும் பச்சை மிளகாயும் குடுக்கறோம். சரிதானா? – வாசகர், விழுப்புரம்

மிளகாய் சரி. நமக்கு கண்ணுல தண்ணி வரவைக்கிற காரம் பறவைங்களுக்கு உறைக்கவே உறைக்காது. பால் சாதம் தப்பு. பால்ல இருக்கற சர்க்கரையை செரிக்கிற சங்கதி பறவை வயித்துல கிடையாது, அது குட்டிக்கு பால் குடுத்து வளர்க்கற இனமே இல்லையே.

ஆனா சார், சாப்பாடு அப்புறம். நம்ம ஊர் பச்சைக்கிளியை வீட்ல வெச்சிருக்கறதே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாரோ குடுத்தாங்கங்கறதால அது மாறாது. திறந்து விட்டுடவும் செய்யாதீங்க, றெக்கை வெட்டி வளர்ந்த கிளி காக்காகிட்டயும் பூனைகிட்டயும் ஒரு நாள் கூட தாக்குப்பிடிக்காது. பக்கத்து வனத்துறை ஆபீஸ்ல நீங்களா போய் சொல்லி ஒப்படைச்சிடுங்க. அதுவரைக்கும் கொய்யா, மிளகாய், வேகவெச்ச சோளம், கீரை குடுங்க.

கேள்வி: பானைல பெட்டை முட்டை வெச்சிருக்கு, போன வாட்டி ஒரு முட்டை தோல் மாதிரி மெத்துன்னு இருந்துச்சு. என்ன குடுக்கணும்? – வாசகர், ஈரோடு

மெத்துன்னு முட்டைன்னா கால்சியம் பத்தலைன்னு அர்த்தம். நாட்டு மருந்துக்கடைல கடல் நுரைன்னு கேளுங்க, கணவாய் மீனோட ஓடு தான் அது, மிருதுவான பக்கம் பறவை பாக்கற மாதிரி கம்பில கட்டுங்க. அதோட ஒரு கோழிமுட்டையை நல்லா கெட்டியா வேகவெச்சு ஓட்டோட சேத்து நசுக்கி, கேரட் துருவல் கொஞ்சம் பிசைஞ்சு ஜோடிக்கு ஒரு ஸ்பூன் வைங்க. சாதாரண நாள்ல வாரம் ரெண்டு தடவை, குஞ்சு பொரிச்சப்புறம் தினமும். முட்டை சீக்கிரம் கெடும், ஒரு மணி நேரத்துல எடுத்துடுங்க. கூண்டை காலைல கொஞ்ச நேரம் நேரா வெயில் படற மாதிரி வைங்க, ஒரு மூலைல நிழலும் இருக்கட்டும், கண்ணாடி ஜன்னலுக்கு பின்னாடி வெச்சா பிரயோஜனம் இல்ல, விட்டமின் டி உண்டாக்கற கதிர் கண்ணாடியை தாண்டாது. விட்டமின் டி இல்லாம எவ்ளோ கால்சியம் குடுத்தும் உடம்புல சரியா ஒட்டாது. பெட்டை கூண்டு அடில உப்பிக்கிட்டு வாலை ஆட்டி ஆட்டி முக்கிக்கிட்டு இருந்துச்சுன்னா முட்டை மாட்டிருக்கு, அதை நீங்க பிதுக்கி எடுக்க பாக்காதீங்க, கதகதப்பா வெச்சு உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

கேள்வி: நாங்க திங்கிற பிஸ்கட், மிக்சர் எல்லாம் எங்க காக்கட்டீல் கிளி ஆசையா கேக்குது, குடுக்கலாமா? – வாசகி, மதுரை

வேணாம். உப்பு, சர்க்கரை, எண்ணெய் மூணுமே அதுக்கு ஆகாது. சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை வேண்டவே வேண்டாம். அவகாடோ, அதாங்க பட்டர் ஃப்ரூட், ஒரு துண்டு போதும் ஆளைக் காலி பண்ண. சூரியகாந்தி விதை விஷம் இல்ல, ஆனா நமக்கு வறுத்த முந்திரி மாதிரி, பழக்கும்போது ஒண்ணு ரெண்டு லஞ்சமா குடுங்க, கிண்ணத்துல கொட்டினா கல்லீரல்ல கொழுப்பு சேந்துடும். கூண்டு சமையலறைல இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அதை தயவுசெஞ்சு இன்னைக்கே மாத்துங்க. நான்ஸ்டிக் தவா காலியா அடுப்புல கிடந்து அதிகமா காஞ்சுதுன்னா அதுல வர்ற ஆவி நமக்கு ஒண்ணும் தெரியாது, பறவை நிமிஷக் கணக்குல செத்துடும்.

கேள்வி: பொங்கலுக்கு ரெண்டு நாள் ஊருக்கு போறோம். கிண்ணம் நிறைய தினை போட்டுட்டு போனா போதுமா? – வாசகர், தாம்பரம்

நானும் இப்படித்தான் போனேன். திரும்பி வந்து பாத்தா கிண்ணம் ததும்ப இருக்கு, பரவால்ல சாப்பாடு மிச்சம் கூட ஆயிருக்குன்னு நினைச்சேன். ஆனா ரெண்டும் கம்பில உக்கார முடியாம அடில உக்காந்திருந்துச்சுங்க. கிண்ணத்தை எடுத்து ஊதினேன் பாருங்க, மேல இருந்தது பூராவும் பறந்துடுச்சு, அடில நாலஞ்சு மணி கூட இல்ல. பட்ஜி தினையை முழுங்காது, உரிச்சு பருப்பை தின்னுட்டு உமியை அங்கயே துப்பும், அந்த உமி தான் நிறைஞ்சு கிடந்துச்சு. உமிக்கு கீழ தினை இருந்தாலும் அதை கிளறிப் பாக்கற புத்தி எல்லா பறவைக்கும் இருக்காது.

அதனால ரெண்டு மூணு கிண்ணத்துல பிரிச்சு போடுங்க, தண்ணியும் ரெண்டு இடத்துல. ஈரக் கலவை, முட்டை எதுவும் வெச்சுட்டு போகாதீங்க, கெட்டுப்போயிடும். பக்கத்து வீட்ல சாவி குடுக்கும்போது "தினை இருக்கான்னு பாருங்க"ன்னு சொல்லாதீங்க, "ஊதிப் பாருங்க"ன்னு சொல்லுங்க.