வாசகர் கேள்வி: இரண்டாம் பாடத்தோடு போய்விடும் தேயிலை வாசம்

கேள்வி: அக்கா, கட்டாரில் இருக்கும் அண்ணன் பச்சைத் தேயிலையும் தேசிக்காயும் கலந்த மாதிரி மெல்லிய சென்ட் ஒன்று அனுப்பினார். எனக்கு நல்ல விருப்பம். ஆனால் காலையில் அடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் இரண்டாம் பாடம் முடிவதற்குள் வாசம் போய்விடுகிறது. பக்கத்தில் இருக்கும் ரீச்சர் போட்டுவரும் காத்தான்குடி அத்தர் பின்னேரம் வரை மணக்கிறது. எனக்கு வந்தது போலியா?
- ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: இல்லை தங்கச்சி, அண்ணனைக் குறை சொல்லாதீர்கள். மட்டக்களப்பில் நான் ஃபான்சி கடை நடத்திய காலத்தில் இதே முறைப்பாட்டோடு போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் பலர்.

தேசிக்காய், தோடை, பர்கமொட் என்ற தேசி இனப் பழம் எல்லாவற்றின் எண்ணெயும் இலேசானது, சட்டென்று ஆவியாகும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில், அதுவும் பஸ்ஸில் நின்றபடி போனால், இன்னும் வேகமாகப் போகும். அத்தர் அப்படியல்ல. சந்தனம், அகில் மாதிரிக் கனமான எண்ணெய்கள் தோலை விட்டு லேசில் கிளம்பாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

இன்னொன்று, இந்த வகைச் சென்ட்டுகள் பலவற்றில் தேயிலைச் சாறே இருப்பதில்லை. 1992இல் ஜோன் குளோட் எலெனா என்ற பிரெஞ்சுக்காரர் புல்காரி என்ற இத்தாலிய நகைக் கம்பனிக்குச் செய்த பச்சைத் தேயிலைச் சென்ட்தான் இந்த மோகத்தைக் கிளப்பியது. மல்லிகைச் சாயலுள்ள ஹெடியோன், வயலட் பூச்சாயலுள்ள அயனோன் என்ற இரண்டு வாசனை இரசாயனங்களையும் சேர்த்தே அவர் தேயிலை மணத்தை எழுப்பினார். 1999இல் எலிசபெத் ஆர்டன் என்ற அமெரிக்க அழகுசாதனக் கம்பனியின் ‘கிரீன் டீ’ சென்ட் வந்த பிறகு சாதாரண ஆட்களும் வாங்கும் விலைக்கு இறங்கியது. தேத்தண்ணிக் கோப்பையில் ஆவி பறக்கும்போது மூக்கில் படுமே, அந்த அளவு மணம்தான் இதற்கு அழகு. கூட்டினால் கெட்டுவிடும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, என்ன செய்யலாம்? குளித்துவிட்டு வாசமில்லாத கிறீம் கொஞ்சம் பூசி, அதன்மேல் அடியுங்கள். காய்ந்த தோலில் நிற்காது. லேஞ்சியிலும் பருத்திச் சேலையின் உள்மடிப்பிலும் ஒருதரம் அடித்தால் தோலைவிட நேரம் நிற்கும். பட்டில் வேண்டாம், கறை விழும். சின்னப் போத்தலில் கொஞ்சம் ஊற்றிக் கைப்பையில் வைத்து, இன்டர்வலில் திரும்ப அடியுங்கள். நம் மூக்கும் பழகிவிடும், அதனால் வாசம் போய்விட்டதா என்று அந்த அத்தர் ரீச்சரிடமே கேட்டுப்பாருங்கள்.

போத்தலை ஜன்னலோரக் கண்ணாடி மேசையில் வைக்கவேண்டாம். வெயிலும் சூடும் பட்டால் தேசி வாசம் பெயின்ட் கடை டர்பன்டைன் மாதிரி மாறிவிடும். அலுமாரிக்குள் சீலைகளுக்கு நடுவே வையுங்கள்.

கேள்வி: தேசிக்காய்த் தோலையும் தேயிலையையும் ஊறவைத்து வீட்டிலேயே செய்து பூசலாமா?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம் பிள்ளை. தேசித் தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளம் போட்டு, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பெரிய கம்பனிகள் அந்தக் குணமுள்ள பொருளை நீக்கியோ மட்டுப்படுத்தியோதான் சேர்க்கின்றன. வாசத்துக்கு ஆசையென்றால் தோலைக் காயவைத்துச் சின்னத் துணிப்பையில் கட்டி அலுமாரியில் போடுங்கள்.