குணசேகரனைத் திட்டினேன், மாரிமுத்து போய்விட்டார்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 47. திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். சன் டிவியில் 'எதிர்நீச்சல்' தொடர் தொடங்கிய 2022 பிப்ரவரியிலிருந்து பார்க்கிறேன். இரண்டாம் பாகத்தையும் விடவில்லை. பார்க்கிறேன் என்பதைவிட, ராத்திரி ஒன்பதரைக்கு அந்த மதுரை வீட்டுக்குள் போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் மூத்தவர் குணசேகரன் "ஏய், இந்தாம்மா" என்று ஆரம்பித்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். தாடை இறுகும், கை நடுங்கும். 2023-ல் அவர் தங்கை ஆதிரையை அவள் விரும்பிய அருணுக்குக் கொடுக்காமல் கரிகாலனுக்குக் கட்டாயமாகக் கட்டிவைத்தார்களே, அந்த நாட்களில் பிசைந்த சோறு தட்டிலேயே காய்ந்துபோகும். "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?" என்று டிவியைப் பார்த்துக் கத்துவேன். அவர் மனைவி ஈஸ்வரி அடி வாங்கினாலும், தம்பி மனைவி நந்தினி பேச்சு வாங்கினாலும், இன்னொரு தம்பி மனைவி ஜனனியை வீட்டை விட்டுத் துரத்தினாலும் என் வாயில் வருவது அதே வார்த்தைதான். கேட்டீங்களா, ஒரு வார்த்தை கேட்டீங்களா.

மாமியாருக்காக வாங்கிய பிரஷர் மிஷின் வீட்டில் இருக்கிறது. தொடர் முடிந்த கையோடு கட்டிப் பார்த்தால் 150/94 காட்டுகிறது. காலையில் 126/80. படுத்தால் ஒரு மணி வரைக்கும் தூக்கம் இல்லை. நடந்ததையே மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பேன், அந்த வீட்டு மருமகள் ரேணுகா இப்படிப் பதில் சொல்லியிருக்கலாமே என்று. காலையில் கண் விழித்ததும் போனில் ப்ரோமோ. எங்கள் சொந்தக்காரப் பெண்கள் 11 பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் பகலெல்லாம் அதே பேச்சு.

இதையெல்லாம் சமாளித்துவிடுவேன். சமாளிக்க முடியாதது வேறு. 2023 செப்டம்பர் 7, வியாழக்கிழமை ராத்திரி, "நீயெல்லாம் நல்லாவே இருக்க மாட்டே, நெஞ்சு வெடிச்சுத்தான் போவே" என்று வாய்விட்டுச் சொன்னேன். மறுநாள் காலை செய்தி வருகிறது, குணசேகரனாக நடித்த மாரிமுத்து மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று. அன்றைக்கு முழுக்க எனக்குப் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. எங்கள் அப்பத்தா என்னைச் சின்ன வயதிலேயே கரிநாக்கு என்பார். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அதே வேடத்தில் வேல ராமமூர்த்தி வந்தபோது சில வாரம் எனக்குக் கோபமே வரவில்லை, பயம்தான் வந்தது. பிறகு கோபம் பழையபடி திரும்பிவிட்டது. இப்போது திட்டிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

போன வாரம் தொடர் முடிந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு ஜாதகத்தைக் கொண்டுவந்து நீட்டி, "இந்தப் பையன் பத்துக்கு எட்டுப் பொருத்தம்" என்றார். (மகளுக்கு வரன் பார்க்கிறோம். எம்.எஸ்ஸி. முடித்துக் கோவையில் வேலையில் இருக்கிறாள்.) "எல்லா ஆம்பளையும் ஒண்ணுதான்" என்று தட்டை வீசிவிட்டேன். அவர் அதிர்ந்து பேசாத மனிதர். பாவம், அப்படியே நின்றார்.

தொடரை நிறுத்தத்தான் வேண்டுமா? எனக்குக் கிறுக்குப் பிடிக்கிறதா? அந்த மனிதர் போனதில் என் வாய்க்குப் பங்கு உண்டா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

---

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதை வைத்துக்கொண்டுதானே இத்தனை நாள் தூக்கம் கெட்டீர்கள். பங்கு இல்லை. துளிகூட இல்லை. மாரிமுத்து டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்தார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் பல வருடங்களாகப் படிந்த கொழுப்பு ஒருநாள் வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து அடைப்பது, மாரடைப்பு வரும் வழிகளில் பெரும்பாலானது. திண்டுக்கல்லில் ஒருவர் டிவியைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அதற்குள் நுழைய வழியே கிடையாது.

அறிவுக்கு இது தெரியும், மனம் கேட்காது. ஏன் என்றால், நினைத்ததும் நடந்ததும் அடுத்தடுத்து வந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிச்சுப் போடுவது மனதின் இயல்பு. கரிநாக்கு என்ற சொல்லைச் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவருக்கு அந்த முடிச்சு கூடுதலாக இறுகும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022 பிப்ரவரி முதல் 2023 செப்டம்பர் வரை 19 மாதம், வாரத்துக்கு ஆறு நாள். 400 ராத்திரிக்கு மேல் வருகிறது. அதில் எத்தனை ராத்திரி திட்டினீர்கள்? மறுநாள் ஒன்றும் நடக்காத அத்தனை ராத்திரியையும் மனம் எண்ணவில்லை. நடந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டது. தமிழ்நாடு முழுக்க எத்தனையோ வீட்டில் தினமும் அதே வசவு விழுந்துகொண்டுதான் இருந்தது. அந்த வேடத்தைத் திட்டவைப்பதுதான் அவர் செய்த தொழில். நீங்கள் திட்டியது அவர் நடிப்புக்குக் கிடைத்த கூலி.

ஆனால் குற்ற உணர்ச்சிக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. அது துக்கம். கூடப் பிறந்த அண்ணனைக்கூட நாம் 19 மாதத்தில் 400 நாள் பார்ப்பதில்லை. 1956-லேயே டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். திரையில் அடிக்கடி வரும் முகத்தோடு பார்ப்பவருக்கு ஒரு பழக்கம் உண்டாகிறது, அந்தப் பக்கம் நம்மைத் தெரியாது என்றாலும் இந்தப் பக்கம் அது நிஜமான பழக்கம்தான் என்பது அவர்கள் சொன்னது. அது கிறுக்கு அல்ல. அப்படிப் பழகியவர் போனால் அழுகை வர வேண்டும். உங்களுக்கு அது வரவே இடமில்லாமல் போயிற்று. ஒரு பக்கம், திட்டிய நான் எப்படி அழுவது என்ற கூச்சம். இன்னொரு பக்கம், மனிதர் போனாரே தவிர குணசேகரன் போகவில்லை. வேறொரு முகத்தோடு அதே வீட்டில் அதே அதிகாரத்தோடு நடமாடுகிறார். துக்கமும் முடியவில்லை, கோபமும் முடியவில்லை. சில வாரம் கோபம் வராமல் பயம் மட்டும் வந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு ஒரு வேலை செய்யுங்கள். குணசேகரனாக இல்லாமல் மாரிமுத்துவாகவே அவர் பேசிய பேட்டிகள் இணையத்தில் கிடைக்கின்றன. தேனிப் பக்கத்திலிருந்து வந்து, உதவி இயக்குநராக இருந்து, படம் இயக்கி, அப்புறம் நடிக்க வந்தவர். ஒரு பேட்டியைப் பகலில், தனியாக, முழுசாகப் பாருங்கள். முடிந்ததும் அவருக்கு நாலு வரி எழுதுங்கள், அந்த வியாழக்கிழமை ராத்திரி சொன்ன வார்த்தை உட்பட. அழுகை வந்தால் அடக்க வேண்டாம். பேட்டி முடிந்ததும் தொடரின் பழைய காட்சியைப் போட்டுவிடாதீர்கள், இரண்டு முகமும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வாட்ஸப் குழுவில் ஒருவரிடமாவது இதைச் சொல்லுங்கள். "நானும்தான் சொன்னேன்" என்று பதில் வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி உடம்புக்கு வருகிறேன். குணசேகரன் கையை ஓங்கும்போது, 'இது நடிப்பு' என்ற எண்ணம் எழுவதற்கு முன்பே உடம்பு தயாராகிவிடுகிறது. அட்ரினலின் ஏறுகிறது, இதயம் வேகம் பிடிக்கிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அட்ரினலின் சில நிமிடத்தில் வடிந்துவிடும். கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பு வடிய ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். பத்து மணிக்குத் தொடர் முடிந்தால் பதினொன்று வரை நீங்கள் பாதிச் சண்டையில்தான் இருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எதிரில் யார் வந்தாலும், மிச்சச் சூடு அவர்கள் தலையில் விழும். டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். முந்தைய நிகழ்ச்சியில் ஏறிய படபடப்பு அடுத்த நிகழ்ச்சியின் கோபமாகக் கணக்கு மாறிவிடும், மாறியது நமக்கே தெரியாது. தட்டு பறந்ததில் பாதி இது. மறுபாதியைப் பிறகு சொல்கிறேன்.

தொடர் முடிந்த கையோடு பார்க்கும் பிரஷர் அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சரியான முறை இது: காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையை ரவிக்கைக் கைமேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜைமேல் வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். காலையும் மாலையும் 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றுக்கும் சராசரி பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அந்தத் தாளோடு போங்கள். 47 வயதில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. எப்போதாவது 180/120 தாண்டிக் காட்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108.

தொடரை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நிறுத்தினால் பதினொரு பெண்களின் பேச்சும் சேர்ந்து நிற்கும், அது உங்களுக்கு வேண்டிய பேச்சு. பார்க்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். மெகா தொடரின் கட்டுமானம் உங்களுக்கே தெரியும். வில்லன் விழுந்தால் கதை முடிந்துவிடும், ஆகவே விழ மாட்டார். ஒவ்வொரு நாளும் பெரிய சண்டையின் உச்சியில், ஒரு முகத்தில் படம் உறையும். சனிக்கிழமை உறைவது இருப்பதிலேயே பெரிய கொக்கி. பாதியில் விட்ட வேலை முடித்த வேலையைவிட மனதில் நிற்கிறது என்று 1927-ல் ப்ளூமா ஸெய்கர்னிக் பெர்லினில் ஆராய்ந்து எழுதினார். பிறகு வந்த எல்லா ஆய்விலும் அது அப்படியே கிட்டவில்லை. ஆனாலும் ஒரு மணி வரை ரேணுகாவுக்கு வசனம் எழுதிக்கொண்டு படுத்திருக்கும் உங்களுக்கு அது பொருந்துகிறது. முடியாத காட்சியை மனம் தானே முடித்து வைக்கப் பார்க்கிறது.

ஆகவே கொக்கியில் நிறுத்தாமல், கொக்கியைத் தாண்டி நிறுத்துங்கள். ஒன்பதரைக்கு நேரலையாகப் பார்க்காமல், மறுநாள் மாலை ஐந்து, ஆறு மணிக்குச் செயலியில் பாருங்கள். அடுத்த நாள் ஒளிபரப்பும் கையில் இருக்கும்படி இன்னும் ஒரு நாள் பின்தங்கி இருங்கள். ஒரு நாள் ஒளிபரப்பின் கடைசிக் காட்சியையும், அடுத்த நாள் ஒளிபரப்பில் அது தீரும் முதல் காட்சியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, பெண்கள் அடுப்படியில் பேசிக்கொண்டிருக்கும் மாதிரி ஒரு தணிந்த இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள். இது எங்கே கெடும் என்றும் சொல்கிறேன். காலை ப்ரோமோவில் கெடும், யூடியூப் முகப்புப் படத்தில் கெடும், குழுவில் கெடும். குழுவை மாலை வரை ஒலியடைத்து வையுங்கள். முதல் நாலைந்து நாள் கை போனைத் தேடும், பிறகு தணியும். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்.

பார்த்து முடித்ததும் 20 நிமிடம் யாரோடும் முக்கியமான பேச்சு வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். பாத்திரம் துலக்குங்கள், மாடிக்குப் போய் நடங்கள். மூச்சை மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள், ஐந்து நிமிடம். பலர் நெஞ்சு நிறைய வேக வேகமாக இழுக்கிறார்கள். அப்போது கரியமிலவாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயந்துபோய் விட்டுவிடுவார்கள். விடும் மூச்சு நீளமாக இருந்தால் போதும், ஆழம் தேவையில்லை.

இப்போது மறுபாதி. உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். யாருக்கு அநியாயம் நடந்தாலும் நீங்கள் ஒரே வார்த்தையைத்தான் கத்துகிறீர்கள்: "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" பொருத்தம் எட்டு என்று வந்த ஜாதகத்தைக் கண்டதும் தட்டைப் போட்டீர்கள். மகளைப் பற்றி அடைப்புக்குறிக்குள் இரண்டு வரி. படிப்பு இருக்கிறது, ஊர் இருக்கிறது, அவள் என்ன சொல்கிறாள் என்பது இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் குணசேகரன் இல்லை, அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் அவரிடம் கேட்க முடியாதது டிவியிடம் போகிறதோ என்று தோன்றுகிறது. கொடுமைக்காரரிடம் கத்தலாம், நல்லவரிடம் எப்படிக் கத்துவது? இது என் ஊகம். சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு நோட்டில் 14 நாள், பார்த்து முடித்ததும் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: எந்தக் காட்சி, உடம்பில் எங்கே (காது, தாடை, கை), வாயில் வந்த வார்த்தை. கதைச் சுருக்கம் எழுதத் தொடங்கினால் நோட்டு வீண். பதினைந்தாம் நாள் மூன்றாவது வரிகளை மட்டும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், இதை என்னிடம் யாராவது கேட்டிருக்க வேண்டுமா, நான் யாரிடமாவது கேட்க வேண்டுமா என்று எழுதுங்கள். உங்கள் கல்யாணத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு எழுத வேண்டாம், நோட்டில் எழுதலாம்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாபம் பலித்துவிடும் என்ற பயம் மற்ற பேச்சுக்கும் பரவுகிறது என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

நோட்டு நிறையும்வரை காத்திராமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக்காரரிடம், தட்டுக்காக வருத்தம் சொல்லுங்கள். காலையில், காபி நேரத்தில். கூடவே, அடுத்த ஜாதகம் வருவதற்குள் இந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் போன் போடுங்கள். பையன் விவரம் எதையும் சொல்லாமல், "உனக்கு எப்போ, எப்படிப்பட்டவன் வேணும்னு நீ நினைக்கிறே?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அவள் சொன்னதை அப்பாவிடம் கொண்டுபோவது அதற்கு அடுத்த நாள் வேலை. அது எப்படிப் போயிற்று என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆலோசகர்