ரக்கூன் திரும்பி நுழையாமல் வீட்டை அடைப்பது எப்படி? ரொறன்ரோ வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் கூரை திருத்தும் வேலையோடு, விலங்குகள் நுழையாதபடி வீடுகளை அடைத்துக் கொடுக்கும் வேலையையும் செய்துவரும் ஒருவர் அளித்த பதில்கள்.

ஸ்காபரோ வாசகர்: அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள வெளியில், இருந்த ரக்கூனை வெளியேற்றி, ஓட்டையைப் பலகை வைத்து அடைத்தோம். சில மாதங்களில் அதே மூலையில் மீண்டும் சத்தம் கேட்கிறது. என்ன காரணம், அண்ணா?

பதில்: பலகை வைத்து அடைத்ததே பாதிக் காரணம். ரக்கூன் அணிலைப்போலக் கடித்துத் துளைப்பதைவிட, முன்கைகளால் பற்றி இழுத்தும் முதுகால் நெம்பியும் பெயர்த்தெடுப்பதில் வல்லது. நான் அடிக்கடி காணும் நுழைவாயில், கராஜின் தாழ்ந்த கூரை மேல்மாடிச் சுவரைச் சென்று தொடும் மூலைதான். அங்கே நிற்கும் விலங்கின் தலைக்கு நேர்மேலே, மேற்கூரையின் சொஃபிட், அதாவது கூரை விளிம்பின் அடியில் செருகப்பட்டிருக்கும் மெல்லிய அலுமினியத் தகடு இருக்கும். விலங்கு நிமிர்ந்து எழுந்தாலே தகடு கழன்றுவிடும். அடுத்ததாக, கூரையில் உள்ள பிளாஸ்டிக் காற்றுப்போக்கிகளையும் மூடியில்லாத புகைபோக்கியையும் பாருங்கள். வளர்ந்த ரக்கூனுக்கு நான்கு அங்குல இடைவெளி போதும்.

அடைப்பதற்கு 16-கேஜ் தடிப்புள்ள, நாகம் பூசிய இரும்புக் கம்பிவலையைப் பயன்படுத்துங்கள். வலையைச் சொஃபிட் தகட்டோடு பொருத்தினால் தகட்டோடு சேர்ந்தே அது வந்துவிடும். பின்னால் உள்ள மரச்சட்டத்தில், வாஷர் இட்ட திருகாணிகளால் இறுக்க வேண்டும். ஃபோமும் கோழிக்கூட்டு வலையும் வீண்செலவு. ஒரு மூலையை மட்டும் அடைத்துவிட்டு ஓயாதீர்கள். உங்கள் அட்டிக்கின் கதகதப்பை அறிந்த விலங்கு கூரை முழுவதையும் சோதித்து, அடுத்த பலவீனமான இடத்தைத் திறக்கும். செங்கல் மூலையிலும் பீலியிலிருந்து இறங்கும் குழாயிலும் கரிய எண்ணெய்ப்பிசுக்குத் தடம் தெரிந்தால், அதன் ஏணி அதுவே. அந்தக் குழாயைச் சுற்றி வழுவழுப்பான தகடு ஒன்றை வளைத்துப் பொருத்தலாம்.

மார்க்கம் வாசகர்: அடைக்கும்போது உள்ளே எதுவும் இல்லை என்பதை எவ்வாறு உறுதி செய்வது?

பதில்: பழைய செய்தித்தாளைக் கசக்கி, ஓட்டையில் தளர்வாக அடைத்து வையுங்கள். (தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடைக்கும் விளம்பரப் பத்திரிகைகள் இதற்கு மிகவும் ஏற்றவை.) மூன்று இரவுகள் கழிந்தும் தாள் அசையாமல் இருந்தால், உள்ளே ஒன்றும் இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் கடும் குளிரில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். ரக்கூன் உண்மையான குளிர்கால உறக்கத்தில் ஆழ்வதில்லை என்றாலும், பனி கொட்டும் நாட்களில் வெளியே வராமல் பல நாள் முடங்கிக் கிடக்கும்.

பிரம்டன் வாசகி: வெளியே மட்டும் திறக்கும் ஒருவழிக் கதவைப் பொருத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். இது ஏப்ரல் மாதம். செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம், சகோதரி. இங்கே மார்ச் முதல் மே வரை ரக்கூன்கள் குட்டி ஈனும் காலம். அட்டிக்கில் இருப்பது தாயாக இருந்தால், கதவு அதனை வெளியே தள்ளிவிடும். நடக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே தவிக்கும். குட்டிகளை அடைவதற்காகத் தாய் கூரையையே பிய்த்த வீடுகளை நான் பழுது பார்த்திருக்கிறேன். பறவைக் கீச்சொலி போன்ற சத்தம் கேட்கிறதா என்று முதலில் கவனியுங்கள்.

எட்டு முதல் பத்துக் கிழமைகளில் குட்டிகள் தாயோடு இரவில் வெளியே வரத் தொடங்கும். பொறுக்க முடிந்தால் அதுவரை பொறுத்து, பின்னர் கதவைப் பொருத்துவதே என் விருப்பம். முடியாவிட்டால், அனுபவமுள்ளவர் கையுறை அணிந்து குட்டிகள் அனைத்தையும் எடுத்து, துணியில் சுற்றிய வெந்நீர்ப் போத்தலோடு ஒரு பெட்டியில் இட்டு, நுழைவாயிலின் அருகே மாலையில் வைப்பார். தாய்க்கு வழக்கமாக வேறு மறைவிடங்களும் இருக்கும். இரவில் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். இந்த முறையை அறியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மிசிசாகா வாசகர்: கூண்டில் பிடித்துத் தொலைவில் உள்ள காட்டில் விட்டுவிட்டால் என்ன?

பதில்: ஒன்றாரியோவில் அது சட்டத்துக்கு மாறானது. பிடித்த விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விட்டுவிட வேண்டும். நோய் பரவும் என்ற அச்சம் இதற்கு ஒரு முக்கிய காரணம். 2015 டிசம்பரில் ஹமில்டனில் ரக்கூன்களிடையே விசர்நோய் கண்டறியப்பட்டதை நினைவில் கொள்ளுங்கள். தவிரவும், ஓட்டை திறந்திருக்கும் வரை அடுத்த ரக்கூன் வந்துகொண்டேதான் இருக்கும்.

எற்றோபிக்கோ வாசகி: அந்துருண்டை, மிளகாய்த்தூள்?

பதில்: பயனில்லை. அந்துருண்டையின் ஆவி உங்கள் படுக்கையறைக்குத்தான் இறங்கும்.

நோர்த் யோர்க் வாசகர்: அட்டிக்கில் மலம் குவிந்திருக்கிறது. நாங்களே கூட்டி அள்ளலாமா, ஐயா?

பதில்: உலர்ந்த மலத்தைத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது. ரக்கூன்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும். அதில் பேலிசஸ்காரிஸ் என்னும் உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கக்கூடும். அவை இரண்டு முதல் நான்கு கிழமைகளில் தொற்றும் நிலையை அடைந்து, ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாயில் போனால் மூளையையும் கண்ணையும் தாக்கலாம். கையை வாயில் வைக்கும் சிறு பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம். குளோரின் கரைசல் இவற்றைக் கொல்லாது. முற்றத்திலோ டெக்கிலோ (வீட்டோடு ஒட்டிய மரத்தளத்திலோ) என்றால் மலத்தை நனைத்து அள்ளி, கொதிக்கும் நீரை ஊற்றலாம். அட்டிக்கில் கொதிநீர் ஊற்ற வழியில்லை. அழுக்கடைந்த வெப்பக்காப்புப் பஞ்சை, முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் அணிந்த தொழிலாளர்களைக் கொண்டு அகற்றி விடுங்கள். ரக்கூனை மீண்டும் இழுக்கும் வாசனை அடங்குவதால் அடைப்பு வேலைக்கும் இது உதவும்.

ஏஜாக்ஸ் வாசகர்: டெக்கின் அடியில் தோண்டிக்கொண்டு நுழைகிறது. பலகை அடித்தும் பயனில்லை.

பதில்: மேலே அடித்த பலகையைப் பற்றி அது கவலைப்படாது, கீழே தோண்டிவிடும். டெக்கைச் சுற்றி ஓரடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, கம்பிவலையை டெக்கின் சட்டத்திலிருந்து கீழே இறக்கி, அடியில் ஓரடி நீளத்துக்கு வெளிப்புறமாக மடித்து, மண்ணை மூடி மிதித்து இறுக்குங்கள். தோண்டும் விலங்கு சுவரோரத்தில்தான் தோண்டும். மடித்த வலை அங்கே அதன் நகத்தைத் தடுக்கும். உள்ளே எதுவும் இல்லை என்று செய்தித்தாள் வைத்து உறுதி செய்த பிறகே கடைசிப் பக்கத்தை மூடுங்கள்.