ரோஜா இலையை வெட்டுறது யாரு?

கேள்வி: முற்றத்து ரோஜா இலையெல்லாம் பஞ்சிங் மெஷின்ல குத்துன மாதிரி வட்ட வட்டமா போகுது. ஒரு தேனீ அந்தத் துண்டைத் தூக்கிட்டு பழைய தேக்கு நிலை ஓட்டைக்குள்ள நுழையுது. ஆச்சி மண்ணெண்ணெய் ஊத்தச் சொல்றாங்க, ஊத்தலாமா சார்?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஐயோ, வேணாம்மா! அது இலைவெட்டித் தேனீ. ராணி கிடையாது, கூட்டம் கிடையாது, ஒத்தைப் பொம்பளையா எல்லா வேலையும் பாக்கும். இலையத் திங்காது, சுருட்டு மாதிரி சுருட்டி அறை கட்டி, மகரந்தமும் பூந்தேனும் பிசைஞ்சு வச்சு, ஒரே ஒரு முட்டை போட்டு இலையாலயே மூடிட்டு அடுத்த அறைக்குப் போயிரும். பெண் முட்டை உள்ளார, ஆண் முட்டை வாசப்பக்கம், ஏன்னா ஆண்தான் முதல்ல வெளிய வரும். (நம்மூரு வீட்டுலயும் முகப்பு ஆம்பளைங்களுக்குத்தானே!) பிடிச்சு நசுக்கினாலொழிய கொட்டாது, செடியும் சாகாது.

இதோட சொந்தக்காரி ஒருத்தி இந்தோனேசியாவுல இருக்கா, வாலஸ் ராட்சசத் தேனீ, உலகத்துலயே பெரிய தேனீ. இலைக்குப் பதிலா பிசின்ல அறை கட்டுவா. 1858ல வாலஸ்ங்கிற இங்கிலாந்து இயற்கை ஆய்வாளர் பிடிச்சாரு, அப்புறம் 1981லதான் திரும்பக் கண்ணுல பட்டா, உயிரோட போட்டோ எடுத்தது 2019ல. காடு போறதும் கலெக்ஷன்காரங்க காசு குடுத்து வாங்குறதும்தான் அவளுக்கு எமன்.

நீங்க ரோஜாவுக்கு மருந்தடிக்காம இருங்க, நிலையை ரிப்பேர் பண்றப்ப ஓட்டைய அடைச்சிராதீங்க. அடைச்சே ஆகணும்னா கூடு காலியானப்புறம் அடைங்க, பக்கத்துலயே பென்சில் பருமன் ஓட்டையுள்ள மூங்கில் குச்சி நாலஞ்ச மழை படாம கட்டி விடுங்க.