கான்டனீஸில் மெசியா – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஹாங்காங் சபையொன்றின் பாடகர் குழு ஹேண்டலின் ‘மெசியா’வை (வேதவசனங்களை வைத்து அமைத்த பெரிய இசைப்படைப்பு) அவர்கள் பேசும் சீன மொழியான கான்டனீஸில் பாடிய ஒலிப்பதிவைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். கேட்டேன். மேலே போகும்போதெல்லாம் சொப்ரானோக்களுக்கு (உச்சக் குரல் பெண்களுக்கு) சுருதி இறங்குகிறது. நடுவில் யாரோ இருமுகிறார். தேர்ந்த குழுக்கள் ஆங்கிலத்தில் பாடிய பதிவுகள் எத்தனையோ இருக்க, இதை எதற்குக் கேட்க வேண்டும்?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

இருமல் எனக்கும் கேட்டது. சுருதிக்கு அப்புறம் வருகிறேன்.

கான்டனீஸில் ஆறு தொனிகள். குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்துத்தான் சொல்லுக்குப் பொருள். நாம் ‘வரம்’ என்பதை இழுத்துப் பாடினால் ‘வாரம்’ ஆகிவிடுமல்லவா, அங்கே மெட்டே அந்த வேலையைச் செய்துவிடும். ஆண்டவரைக் குறிக்கும் ‘ஜ்யூ’ கீழிருந்து ஏறும் தொனியில் வர வேண்டும். மெட்டு அதை உயரத்தில் தட்டையாக நிறுத்தினால், ‘பன்றி’. ஹாங்காங் கிறிஸ்தவர்களிடம் இது பழைய வேடிக்கை. அங்கே சினிமாப் பாட்டு எழுதுகிறவர்கள் மெட்டுக்கு ஒத்த தொனியுள்ள சொல்லாகத் தேடிப் போடுவார்கள். ஹேண்டலோ 1741இல், 24 நாளில், ஆங்கிலச் சொற்களுக்கு மெட்டுப் போட்டவர். மெட்டையும் தொட முடியாது, வேதவசனத்தையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

போதாததற்குக் கடவுளுக்கே இரண்டு சொல். 1919இல் வந்த சீன ஐக்கிய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் ‘ஷென்’ என்று ஒரு பதிப்பு, ‘ஷாங்தி’ என்று இன்னொன்று (இரண்டும் சீனப் பொதுமொழியான மாண்டரின் உச்சரிப்பு). சீனத்தில் முதலாவது ஒரே எழுத்து, அடுத்தது இரண்டு; எழுத்துக்கு ஓர் அசை. இரண்டு பதிப்பிலும் பக்கங்கள் ஒன்றுபோல் அமையட்டும் என்று ‘ஷென்’னுக்கு முன்னால் ஓரெழுத்து இடத்தைக் காலியாக விட்டே அச்சிட்டார்கள். அச்சுக்கோப்பவருக்கு அந்த வசதி உண்டு. பாடுகிறவர் அந்த ஸ்வரத்தை என்ன செய்வார்?

இப்போது சுருதி. நீங்கள் சொன்ன இடங்களைத் திரும்பக் கேட்டேன். சிலவற்றில் அவர்கள் ஸ்வரத்தை நேராகப் பிடிக்காமல், கொஞ்சம் கீழே தொட்டு வழுக்கி ஏறுகிறார்கள். ஏறும் தொனியுள்ள சொல்லைக் காப்பாற்ற அங்கே பாடகர்கள் செய்வது இது. இங்கிலீஷில் பாடும் எந்தப் பெரிய குழுவுக்கும் இந்தத் தேவை வராது. எனக்கு இந்தப் பதிவு பிடித்ததே இதனால்தான். ‘அல்லேலூயா’ கோரஸில் அந்தச் சொல் வரும் இடங்களைப் போட்டுப் பாருங்கள். அது வெறும் ஒலிபெயர்ப்பு, தப்பர்த்தம் வருமென்ற பயமில்லை. அங்கே வழுக்கலே கிடையாது, தொண்டை கிழியப் பாடுகிறார்கள்.

மற்ற இடங்களில் சுருதி நிஜமாகவே இறங்குகிறது. ஒப்புக்கொள்கிறேன்.